குற்றவாளியே இல்லாத ஒரு சட்டம்: பிரிட்டனின் பிரிவு 28

"பிள்ளைங்க படிக்கிற இடத்துல இதையெல்லாம் எதுக்குப் பேசணும்?" தன்பாலின ஈர்ப்பாளர்கள், திருநர்கள் பற்றிய பேச்சு கல்விக்கூட வாசலுக்கு வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே வந்து நிற்கிறது. கேட்பவர் நம் கூட்டங்களில் முன்வரிசையில் உட்காருகிற முற்போக்காளராகக்கூட இருக்கலாம். இந்தக் கேள்வியையே ஓர் அரசு சட்டமாக எழுதி, பதினைந்து ஆண்டுகள் நடத்திப் பார்த்த வரலாறு ஒன்று உண்டு. 1988 முதல் 2003 வரை பிரிட்டனில் இருந்த 'பிரிவு 28' அது.

முன்கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 21 வயது நிரம்பிய இரு ஆண்கள் தனிமையில் விரும்பிக் கூடுவது குற்றமில்லை என்று 1967இலேயே சட்டமாகிவிட்டது. படுக்கையறையை விட்டு வெளியேறிய அதிகாரம் வகுப்பறையை விட்டுப் போகவில்லை. 1974இல் லண்டன் ஆசிரியர் ஒருவரை, தன்பாலின ஈர்ப்பாளர் உரிமைக்கான ஓர் ஆர்ப்பாட்டத்தில் மாணவர்கள் பார்த்துவிடுகிறார்கள். வகுப்பில் கேட்கிறார்கள். அவர் மறைக்காமல் பதில் சொல்கிறார். இனிமேல் இதுபற்றி வகுப்பில் பேச மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கும்வரை அவர் பாடம் நடத்தக் கூடாது என்றது கல்வி நிர்வாகம். ஆக, அவர் யார் என்பதைக்கூடச் சகித்துக்கொள்வார்கள். வாயைத் திறந்ததுதான் பிரச்சினை.

ஸ்காட்லாந்தில் சிறுவர் முகாம் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்த்தவர் கதை இன்னும் மோசம். தன்பாலின ஈர்ப்பாளர் என்று தெரிந்ததும் வேலை போயிற்று. அவரால் பிள்ளைகளுக்கு ஆபத்தில்லை என்று மனநல மருத்துவர் சாட்சியம் இருந்தது. இருந்தும், இப்படிப்பட்டவரைப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல முதலாளிகள் நினைப்பார்கள், ஆகவே வேலைநீக்கம் நியாயம்தான் என்று தீர்ப்பானது. 1981இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. முதலாளியின் பயமே இங்கு சாட்சி. உண்மைக்கு அங்கே வேலையில்லை.

எண்பதுகளில் இந்தப் பயத்துக்கு அரசியல் விலை கூடியது. ஒருபுறம் எய்ட்ஸ் பீதி. மறுபுறம் தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கு ஆதரவு தந்த லண்டன் பகுதி இடதுசாரி உள்ளாட்சிகள் மீது தாட்சர் அரசுக்கிருந்த கோபம். இரண்டு அப்பாக்களோடு வாழும் ஜென்னி என்ற சிறுமி பற்றி டேனிஷ் மொழியிலிருந்து வந்த ஒரு படப்புத்தகம் போதுமானதாக இருந்தது. லண்டன் கல்வி நிர்வாகத்தின் ஆசிரியர் மையம் ஒன்றில் அது இருந்ததைப் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கின. 1987 அக்டோபரில் தன் கட்சி மாநாட்டில் தாட்சரே இதை ஒரு குறையாகப் பேசினார். அந்த டிசம்பரில் உள்ளாட்சி மசோதாவில் ஒரு திருத்தம் செருகப்பட்டது. லேபர் கட்சித் தலைமையும் முதலில் எதிர்க்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

1988 மே 24 அன்று அது நடைமுறைக்கு வந்தது. உள்ளாட்சிகள் தன்பாலின ஈர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாது. அதை ஒரு 'பாவனைக் குடும்ப உறவாக' ஏற்கத்தக்கது என்று பள்ளிகளில் கற்பிப்பதை ஊக்குவிக்கவும் கூடாது. இவ்வளவுதான் சட்டம்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். இந்தச் சட்டம் கட்டுப்படுத்தியது உள்ளாட்சிகளை மட்டுமே. பாலியல் கல்வி பற்றி முடிவெடுக்கும் பொறுப்பு 1986ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே பள்ளி ஆட்சிக் குழுக்களிடம் போய்விட்டிருந்தது. அதாவது வகுப்பில் நிற்கிற ஆசிரியரை இந்தச் சட்டம் நேரடியாகத் தொடவே முடியாது. அரசே சுற்றறிக்கையில் இதை விளக்கியது. பதினைந்து ஆண்டுகளில் இந்தப் பிரிவின்கீழ் ஓர் உள்ளாட்சிகூடத் தண்டிக்கப்படவில்லை.

ஆனாலும் சட்டம் வேலை செய்தது. நூலகங்களில் புத்தகங்கள் அலமாரியிலிருந்து இறங்கின. மாணவர் ஆதரவுக் குழுக்கள் சில மூடிக்கொண்டன. 'ஊக்குவித்தல்' என்றால் என்ன என்று யாருக்கும் தெரியாததால் எல்லாமே ஊக்குவித்தல் ஆகிவிட்டது. ஒரு பையனை வசைச் சொல் சொல்லிச் சுவரோடு வைத்து அடிக்கிறார்கள். போய்த் தடுத்தால் 'உனக்கென்ன அக்கறை?' என்று கேட்டுவிடுவார்களோ என்று ஆசிரியர் தயங்குகிறார். அதிலும் தானே தன்பாலின ஈர்ப்பாளராக இருக்கிற ஆசிரியர்தான் மற்ற எல்லோரையும்விட அதிகமாக விலகி நடக்க வேண்டியிருந்தது. யாரால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியுமோ, அவர்தான் முதலில் மௌனமானார். போலீஸ் வரத் தேவையில்லை. ஒவ்வொருவரும் தனக்குத்தானே போலீஸ்.

எதிர்ப்பும் சும்மா இருக்கவில்லை. 1988 பிப்ரவரியில் பெண்கள் சிலர் பிரபுக்கள் சபைப் பார்வையாளர் மாடத்திலிருந்து கயிறு கட்டி இறங்கினார்கள். அதே மாதம் மான்செஸ்டரில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். சட்டம் அமலுக்கு வந்த முந்தின நாள் மாலை பிபிசி செய்தி அரங்குக்குள்ளேயே புகுந்தார்கள். ஆசிரியர் சங்கங்கள் பேசின. ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2000 ஜூனில் 99க்கு 17 என்ற வாக்கில் பிரிவை நீக்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிரபுக்கள் சபை முட்டுக்கட்டை போட்டதால் 2003 நவம்பர்வரை இழுத்தது. அதற்கடுத்த மாதம், டிசம்பர் 1 அன்றுதான், பாலின ஈர்ப்பைக் காரணம் காட்டி வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்ற விதிகள் வந்தன. பிள்ளையின் பாதுகாப்பும் வாத்தியாரின் வேலையும் இரண்டு வாரத்துக்குள் அடுத்தடுத்து வந்ததைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் ஒன்றில்லாமல் மற்றது இல்லை என்பதைத்தான் இந்தக் கதை முழுக்கச் சொல்கிறது.

நமக்கும் இதில் பங்குண்டு. 377ஆம் பிரிவை 1860இல் நமக்கு எழுதித் தந்தவர்களும் இவர்கள்தானே. வயதுவந்தோர் இசைவோடு கொள்ளும் உறவுக்கு அது பொருந்தாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2009இல் சொல்லியும், 2010இல் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்திப் பேராசிரியர் சிராஸ், வீட்டுக்குள் கேமராவோடு புகுந்தவர்களால் அம்பலப்படுத்தப்பட்டு இடைநீக்கம் செய்யப்பட்டார். உயர் நீதிமன்றம் இடைநீக்கத்தை நிறுத்தி வைத்த சில நாட்களில் இறந்து கிடந்தார். 2018இல் உச்ச நீதிமன்றம் 377இன் பல்லைப் பிடுங்கியது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சுஷ்மா வழக்கில், பள்ளி, பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் மாற்றம் வேண்டும், பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் வழியாகப் பெற்றோரிடம் பேச வேண்டும் என்றெல்லாம் வழிகாட்டியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் திருநர் குழந்தைகளைப் பள்ளியில் அரவணைப்பது பற்றி என்சிஇஆர்டி ஆசிரியர்களுக்கென்று ஒரு கையேடு வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே அது இணையதளத்திலிருந்து காணாமல் போனது.

அதை எடுக்கச் சொல்லி நம் நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. பிரிவு 28 இல்லாமலே பிரிவு 28இன் வேலை நடந்துவிட்டது. இதனால்தான் 'எங்க ஸ்கூல்ல அப்படியெல்லாம் பாகுபாடு இல்லீங்க' என்கிற வாய்வார்த்தையை நான் நம்புவதில்லை. பணிவிதியில் எழுதியிருக்கிறதா, புகார் கொடுத்தால் யார் விசாரிப்பார்கள், தடுக்கப் போகிற ஆசிரியர் பக்கம் சங்கம் நிற்குமா? கேட்க வேண்டியவை இவைதான்.