ராயல் ஓக் பலகை

வட வேல்ஸில் பெட்டஸ்-அ-கோய்ட் என்றொரு மலையூர். இங்கிலாந்தின் நிலக்காட்சி ஓவியர் டேவிட் காக்ஸ் முதுமையில் கோடைதோறும் அங்கே போய்த் தங்குவார். 1847இல் அவ்வூர் ராயல் ஓக் விடுதிக்குத் தன் கையாலேயே பெயர்ப்பலகை வரைந்து கொடுத்தார்.

ராயல் ஓக் என்பது இங்கிலாந்து மதுக்கடைகளுக்கு வெகு பழக்கமான பெயர். 1651இல் வொர்ஸ்டர் போரில் தோற்று ஓடிய இரண்டாம் சார்லஸ், பாஸ்கபெல்லில் ஓர் ஓக் மரத்தில் ஏறி ஒளிந்து உயிர் தப்பினார். அவர் மன்னரானதும் அந்த மரம் ஊர்ஊராகப் பலகைகளில் முளைத்தது. எழுத்தறியாதவர்களுக்கும் கடையை அடையாளம் காட்டியது படம்தானே!

வெயிலிலும் மழையிலும் தொங்கிய பலகைக்கு 1849இல் காக்ஸே மறுபடி வண்ணம் தீட்டினார். 1859இல் அவர் மறைந்தார். பலகை வீணாகிவிடக் கூடாதென்று 1861இல் அதைக் கழற்றி விடுதிக்குள் மாட்டினார்கள்.

அதன் பிறகுதான் வழக்கு வந்தது. விடுதியைக் குத்தகைக்கு நடத்தியவர் நொடித்துப்போனார். காக்ஸின் ஓவியத்துக்கு அதற்குள் நல்ல விலை. அது நொடித்தவரின் சொத்து, விற்றுக் கடனடைக்கலாம் என்றது கடன்காரர் தரப்பு. கட்டடத்தின் உரிமையாளரான வில்லோபி சீமாட்டி மறுத்தார். பலகை கட்டடத்தோடு சேர்ந்தது, பிரித்து விற்க முடியாது என்று 1881இல் தீர்ப்பானது. எனக்கு இது மிகச் சரியான தீர்ப்பு. ஏலத்தில் போயிருந்தால் அது ஏதோ ஒரு மாளிகைச் சுவரில் வெறும் ஓவியமாகியிருக்கும்.

மற்றப் பலகைகளுக்கு இப்படி வாதாட ஆளில்லை. பெரும்பாலானவற்றை வரைந்தவர் பெயரே தெரியாது. கடையை வைத்திருக்கும் பீர் ஆலை கைமாறினால் பலகையும் மாறுகிறது. பழைய படத்தின் மேலேயே புதுப்படம் ஏறுகிறது. கடை மூடி வீடானால் பழம்பொருள் சந்தைக்குப் போகிறது. அதனால்தான் பிரிட்டனில் பலர் ஊர்ஊராகப் போய்ப் பலகைகளைப் படமெடுத்துச் சேர்க்கிறார்கள். இதற்கென்றே ‘இன் சைன் சொசைட்டி’ என்ற சங்கமும் உண்டு. இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. பல பலகைகளுக்கு அந்தப் புகைப்படம் ஒன்றே சாட்சி.

அந்தப் பக்கம் போகும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால் நீங்களும் எடுங்கள். இருபுறமும் எடுங்கள், இரண்டில் வேறுவேறு படம் இருப்பதுண்டு. தொங்கும் இரும்புச் சட்டமும் கடை முகப்பும் தெரியட்டும். ஊர், தெரு, தேதி மூன்றையும் மறக்காமல் குறித்துவையுங்கள்.