கட்டுகஸ்தோட்டை கராஜில் ஒரு லாண்ட் ரோவர்

கண்டியிலிருந்து வரும் வீதி கட்டுகஸ்தோட்டையில் பிரிகிறது. ஒரு கிளை மாத்தளை வழியாக யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9. மற்றது குருநாகல் வழியாகப் புத்தளம் செல்லும் ஏ-10. மலைத் தோட்டங்களிலிருந்து இறங்கிவரும் வாகனங்கள் இங்கே பழுது பார்க்கப்படுவது நெடுநாள் வழக்கம். அப்படியொரு கராஜில், நண்பர் ஒருவர் வாங்கிய பழைய லாண்ட் ரோவரைப் பார்க்கச் சென்றிருந்தேன். 88 அங்குலச் சில்லிடைத் தூரம் கொண்ட இரண்டாம் வரிசை வண்டி. ஒரு காலத்தில் தோட்டத்துத் துரையின் ஜீப்.

கண்டிப் பகுதி மக்களுக்கு ஜீப்பை அறிமுகப்படுத்தியது இரண்டாம் உலக யுத்தம். 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தபோது இராணுவ ஜீப்புகளும் வந்தன. யுத்தம் முடிந்தபின், அதே அமெரிக்க ஜீப் ஒன்றைத் தமது பண்ணையில் பயன்படுத்திவந்த ரோவர் நிறுவனப் பொறியியலாளர் மோரிஸ் வில்க்ஸ், அதற்கு ஈடான வாகனமொன்றைத் திட்டமிட்டார். 1948 ஏப்ரல் 30இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லாண்ட் ரோவர் அரங்கேறியது. பின்னாளில் மலையகத்தில் எந்த நிறுவனத்தின் வண்டியாக இருந்தாலும் ‘ஜீப்’ என்ற பெயரே நிலைத்தது.

அன்றைய பிரித்தானியாவில் உருக்குக்குத் தட்டுப்பாடு. ஆகவே வண்டியின் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். சேசி எனப்படும் அடிச்சட்டகம் மட்டும் உருக்கு. பெரிய அச்சுகளுக்குச் செலவிடாமல், நான்கு தகடுகளை விளிம்போடு விளிம்பாக ஒட்டவைத்துப் பெட்டிபோல் அதனை அமைத்தார்கள். உறுதியான அமைப்புத்தான். ஆனால் பெட்டிக்குள் புகுந்த சேறும் நீரும் எளிதில் வெளியேறுவதில்லை. தகடு உள்ளிருந்தே கறள்பிடிக்கிறது. மேலே அலுமினிய உடல் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் பளிச்சென்றிருக்க, கீழே சட்டகம் உக்கிவிடுகிறது. மழை ஓயாத மலைப் பாதைகளில் ஓடிய வண்டிக்கு இது தப்பாத விதி.

கராஜ் பாஸ் சிறிய சுத்தியலால் சட்டகத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு போனார். நல்ல இடத்தில் கணீரென்ற ஒலி. கெட்ட இடத்தில் மந்தமான சத்தம். பின்குறுக்குச் சட்டமும், முன்தடுப்புச் சுவரைத் தாங்கும் பக்கக் கைகளும் போய்விட்டிருந்தன. கெட்ட பகுதியை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். ஒரே மூச்சில் ஒட்டவைத்தால் சூட்டில் சட்டகம் முறுகிவிடும். எனவே இந்தப் பக்கம் சிறிது, அந்தப் பக்கம் சிறிது என ஆறவிட்டு ஒட்டவைத்தார். ஒவ்வொரு கட்டத்திலும் மூலைக்கு மூலை குறுக்காக நாடா பிடித்து, இரண்டு அளவும் ஒன்றாக உள்ளனவா என்று பார்த்தார்.

“இவ்வளவு பாடுபடுவதற்குப் புதுச் சேசி வாங்கலாமே?” என்று கேட்டேன். துத்தநாகம் பூசிய புதிய சேசிகள் இன்றும் பிரித்தானியாவில் கிடைக்கின்றன. பாஸ் முன்வில்லுத் தகடு பொருந்தும் இடத்தைத் துடைத்து, அங்கே பொறிக்கப்பட்டிருந்த இலக்கத்தைக் காட்டினார். “இது பதிவுப் புத்தகத்தில் இருக்கும் இலக்கம். இது போனால் வண்டியே வேறு, ஐயா.” அந்த இலக்கமுள்ள பகுதியில் மட்டும் அவர் கைவைக்கவில்லை.

அப்போது, இந்த ஜீப்பை முன்னர் ஓட்டிய முதியவர் ஒருவரை நண்பர் அழைத்து வந்தார். எண்பதைக் கடந்தவர். இலக்கத்தைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “இந்த வண்டிக்கு நம்பரும் புத்தகமும் இருந்திச்சுங்க. ஓட்டுன எனக்குத்தான் ஒண்ணும் இல்ல.”

இந்தச் சொல்லின் பின்னால் உள்ள வரலாற்றை வாசகர்களில் பலர் அறிவார்கள். லாண்ட் ரோவர் பிறந்த அதே 1948இல்தான் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையகத் தமிழர்கள் நாடற்றவர்களாயினர். 1964இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேர் பற்றிய முடிவு 1974வரை தள்ளிப்போனது. இங்கேயே பிறந்த அந்த முதியவரின் குடும்பம் இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. எஞ்சியிருந்தோருக்காக 2003இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது.

இதற்கிடையில் 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைக்காரத் துரை போய் உள்நாட்டுத் துரை வந்தார். ஜீப் தோட்டத்துச் சொத்தாகக் கணக்கில் ஏறி, புதிய உரிமையாளரிடம் ஒழுங்காகக் கைமாறியது. அதை ஓட்டியவர் எந்த நாட்டுக் கணக்கிலும் இல்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வண்டிகளின் மதிப்பு உயர்ந்தது. 2025இல் தடை தளர்ந்த பின்னரும் இவ்வகை ஜீப்புகளைத் தேடி வாங்குகிறார்கள். வண்டிக்குப் பச்சை வர்ணம் பூசுவார்கள், படம் எடுப்பார்கள், எந்தத் தோட்டத்து வண்டி என்று பெருமையோடு எழுதுவார்கள். யார் ஓட்டினார் என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுமாறு நண்பரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் ஒப்புக்கொண்டார்.

வேலை முடிந்ததும் பாஸ் அந்த முதியவரைச் சாரதி ஆசனத்தில் ஏற்றினார். எஞ்சின் இன்னும் பொருத்தப்படவில்லை. அவர் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.