கொண்டித்தொழுவும் நாய்க்கூண்டும்

புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூரைப் போல, வானம் பார்த்த பயிரும் ஆடுமாடும் அடுத்தடுத்து இருக்கும் ஊர்களில், அவிழ்ந்து திரியும் விலங்கு யாருடையது, பிடிபட்டபின் அதை மீட்க வருபவர் எதற்குக் கட்டுப்பட வேண்டும் என்னும் கேள்விகள் நெடுங்காலமாக இருந்துவருகின்றன. கால்நடையைப் பொறுத்தவரை இக்கேள்விக்குத் தெளிவான விடை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. நாயைப் பொறுத்தவரை அவ்விடை இன்றும் அரைகுறையாகவே நிற்கிறது.

பிறர் பயிரை மேயப் பழகிய மாட்டைக் கொண்டி மாடு என்றும், அதைப் பிடித்துவந்து அடைக்கும் பொதுத் தொழுவத்தைக் கொண்டித்தொழு என்றும் தென்மாவட்டத்து மக்கள் வழங்கினர். பிரிட்டிஷ் இந்தியாவில் இத்தொழுக்களை ஒழுங்குபடுத்திய 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் மீட்புக்கான அபராதத்தை விலங்குவாரியாக வகுத்திருந்தது: யானைக்கு 2 ரூபாய், ஒட்டகத்துக்கும் எருமைக்கும் 8 அணா, மாட்டுக்கும் குதிரைக்கும் 4 அணா, கன்றுக்கும் கழுதைக்கும் பன்றிக்கும் 2 அணா, ஆட்டுக்கு ஓர் அணா. (16 அணா ஒரு ரூபாய்.) அபராதத்தோடு தீவனச் செலவையும் கட்டியவர் விலங்கை ஓட்டிச் செல்லலாம், ஏழு நாளில் எவரும் வராவிட்டால் காவல் நிலையத்துக்குத் தகவல் போய், அங்கிருந்து அறிவிப்பு வெளியாகி, மேலும் ஏழு நாள் கழிந்தபின் அது ஏலத்துக்கு வரும். யானை முதல் ஆட்டுக்குட்டி வரை இடம்பெற்ற அந்தப் பட்டியலில் நாய் இல்லை. விற்றால் விலை போகும் விலங்கைத்தான் சட்டம் கணக்கில் கொண்டது என்பதை இந்த விடுபாடு தெளிவாகக் காட்டுகிறது.

விலைபோகாத நாய்க்கு மீட்பு நடைமுறை வகுக்கப்படவில்லை. அதற்கு வாய்த்தது கொலைதான். பம்பாயில் நாய்களைக் கொல்லும் அரசாணையை எதிர்த்து 1832இல் பார்சி மக்கள் கலகத்தில் இறங்கியதுண்டு என்றாலும் நடைமுறை மாறவில்லை. சென்னை மாநகராட்சி 1860 முதல் நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. இதற்குப் பின்னால் இருந்த அச்சம் பொய்யானதன்று. வெறிநாய்க்கடிக்குச் சிகிச்சை தரும் பாஸ்டர் நிலையம் தென்னிந்தியாவுக்கெனக் குன்னூரில் திறக்கப்பட்டது 1907இல்தான். சமவெளியில் கடிபட்டவர் தடுப்பூசிக்காக மலையேற வேண்டியிருந்த காலம் அது.

ஆயினும் கொல்வதால் நாய்களின் எண்ணிக்கை குறையவில்லை. கொல்லப்பட்டவற்றின் இடத்தை அடுத்த ஈற்றுக் குட்டிகள் நிரப்பின. 1959இல் கேப்டன் வி. சுந்தரம் சென்னையில் தொடங்கிய ப்ளூ கிராஸ் அமைப்பு இதை எடுத்துக்காட்டி, கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை அறுவை செய்து தடுப்பூசி போட்டு விடலாம் என்று 1964 முதல் வலியுறுத்திவந்தது. மாநகராட்சி அதை ஏற்க ஏறத்தாழ முப்பதாண்டுகள் பிடித்தன. அதற்குள் 1990களின் நடுவில் நாளொன்றுக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டதாக அவ்வமைப்பு பதிவுசெய்திருக்கிறது. பிடித்த நாயை உயிரோடு திருப்பி விடும் முறை 1996இல் நகரமெங்கும் பரவத் தொடங்கியது தமிழ்நாட்டுப் பொதுச் சுகாதார வரலாற்றின் பெருமைக்குரிய திருப்பங்களுள் ஒன்று.

இதற்கான சட்ட அடித்தளத்திலும் சென்னைக்குப் பங்குண்டு. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் எடுத்த முயற்சியைத் தொடர்ந்து 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962இல் அவர் தலைமையில் விலங்குநல வாரியம் அமைந்தது. அச்சட்டத்தின் கீழ் 2001இல் வெளியான நாய்க் கருத்தடை விதிகள் நாய்களைத் தெருநாய், வளர்ப்பு நாய் என இருவகையாகப் பிரித்தன. தெருநாயைப் பிடித்து, அறுவை செய்து, அடையாளமிட்டு, பிடித்த இடத்திலேயே விடுவது உள்ளாட்சி அமைப்பும் விலங்குநல அமைப்புகளும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. வளர்ப்பு நாயின் இனப்பெருக்கக் கட்டுப்பாடு, தடுப்பூசி, கருத்தடை, உரிமம் ஆகியவை வளர்ப்பவரின் பொறுப்பு. அவற்றை எப்படி நிறைவேற்றுவது என்பது அந்தந்தப் பகுதியில் நடைமுறையிலிருக்கும் சட்டத்தையும் பொறுத்தது.

சிக்கலின் வேர் இந்தப் பகுப்பிலேயே இருக்கிறது. கிராமத்திலும் சிற்றூரிலும் பெரும்பாலான நாய்கள் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பவை: ஒரு வீட்டில் சோறு, இரவில் ஆட்டுப்பட்டிக் காவல், பகலில் கடைத்தெரு. அப்படிப்பட்ட நாய் வண்டியில் ஏற்றப்பட்டால் மறுநாளே வீட்டார் வந்து கேட்பர். தெருநாய் காதில் வெட்டடையாளத்தோடு திரும்ப, உரியவர் மீட்ட நாயோ கருத்தடையின்றியே போய்விட வழியுண்டு. அது ஈனும் குட்டிகளில் கடுவனை எவரேனும் கேட்டு வாங்கிக்கொள்வர்; பெட்டைக் குட்டிகள் சாக்கில் கட்டப்பட்டு ஊர் எல்லையில் விடப்படும். தெருநாய்க்கு மட்டும் அறுவை செய்துகொண்டிருந்தால் இந்த ஊற்று அடைபடாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இங்கேதான் கை வைத்தது: கருத்தடை செய்யப்படாத நாய் பிடிபட்டால் மீட்க வருபவருக்கு முதல்முறை 35 டாலர், அடுத்த முறை 50, அதற்கு மேல் 100 என அபராதம் ஏறிக்கொண்டே போகும். கொண்டித்தொழுவின் அணாக் கணக்கைப் போன்றதே இதுவும். ஆனால் நடந்த சேதத்தை ஈடுசெய்வதைவிட, அடுத்த ஈற்றைத் தடுப்பதே இதன் நோக்கம்.

இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் புதிய விதிகள் பழைய விதிகளுக்கு மாற்றாக வந்தன. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் தவிர மற்ற தெருநாய்களைக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பின் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று ஆணையிட்டு, தத்தெடுக்கப்பட்ட நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் கடமை என்றும் சேர்த்துச் சொன்னது. அதே ஆண்டில் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமத்தையும் மைக்ரோசிப்பையும், அதாவது தோலுக்கடியில் செலுத்தப்படும் அடையாளச் சில்லையும், கட்டாயமாக்கி, மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் விதித்தது. இலுப்பூர் போன்ற பேரூராட்சிக்கு அறுவை அரங்கும், பயிற்சி பெற்ற மருத்துவரும், நாய்களைச் சில நாள் வைத்துத் தேற்றும் கூண்டுகளும் தனியாக அமைத்துக்கொள்வது எளிதன்று. அக்கம்பக்கத்து உள்ளாட்சிகளோடு பகிர்ந்தே அவற்றைப் பெற முடியும். ஆனால் எந்த வீட்டில் எந்த நாய் இருக்கிறது என்னும் பதிவேட்டையும், மீட்க வருபவர் கருத்தடைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும் என்னும் நிபந்தனையையும் தொடங்க அவ்வளவு பெரிய செலவு தேவையில்லை.