வண்டியில் ஏறிய இசைத்தட்டு

ஓடும் மோட்டார் வண்டியில் இசைத்தட்டு கேட்கவேண்டும் என்னும் ஆசை புதியதன்று. 1956-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனியார் தம் கார்களில் ஊசி ஓடும் தட்டுக்கருவியைப் பொருத்தி விற்றனர். அதற்கென்று தனி வகைத் தட்டுக்களே வேண்டியிருந்தன. சில ஆண்டுகளில் அம்முயற்சி கைவிடப்பட்டது.

ஊசியே வேண்டாத தட்டு 1982-இல் விற்பனைக்கு வந்தது. ஹாலந்தின் பிலிப்ஸும் ஜப்பானின் சோனியும் கூடி வகுத்தது அது. தமிழில் குறுந்தகடு என்றனர். விட்டம் 12 சென்டிமீட்டரே ஆதலால் பொருத்தமான பெயர்தான். நுண்ணிய குழிகளை லேசர் ஒளி படிப்பதால் தேய்மானம் இல்லை. ஆகவே அழிவும் இல்லை என்று பலர் நம்பினர். 1984-இல் பயோனியர் நிறுவனத்தார் காருக்கென்றே ஒரு கருவியை வெளியிட்டனர். அந்நம்பிக்கைக்குக் கடும் சோதனை காரில்தான் ஏற்பட்டது எனலாம்.

கிராமபோன் தட்டை வட்டமாகத் துடைத்துப் பழகிய கைகள் குறுந்தகட்டையும் அவ்வாறே துடைத்தன. இது பெரும் பிழை. ரீடு, சாலமன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1960-இல் வெளியிட்ட கணித முறையை அடிப்படையாகக் கொண்டு, தடத்தில் ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் நீளம் பழுதுபட்டாலும் கருவி அதனை ஈடுசெய்துகொள்ளும். குறுக்கே விழுந்த கீறல் ஒவ்வொரு சுற்றிலும் கணநேரமே தடுக்கும். தடத்தோடு சேர்ந்து ஓடும் கீறலோ அவ்வெல்லையைக் கடந்துவிடும். ஆகவே நடுவிலிருந்து விளிம்பை நோக்கி, மென்துணியால், நேராகத் துடைத்தல் வேண்டும்.

இன்னொன்று: பளபளக்கும் பக்கத்தில் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் உண்டு. எழுத்துள்ள பக்கத்திலோ அலுமினியப் பூச்சின்மேல் மெல்லிய வார்னிஷ் மட்டுமே. கவலையின்றி நாம் கீழே கவிழ்த்து வைக்கும் அப்பக்கமே மெலிந்த பக்கம்.

காரில் தட்டு தாவினால் முதலில் வேறொரு தட்டை இட்டுப் பார்க்கவேண்டும். அதுவும் தாவுமாயின் குற்றம் கருவியினுடையது. பெரும்பாலும் வில்லையில் படிந்த தூசியாக இருக்கும். குளிர்ந்த காலையில் வில்லையில் ஈரம் படிவதும் உண்டு. சற்று நேரம் பொறுத்தால் தானே உலர்ந்துவிடும். காகிதம் ஒட்டிய தட்டை மட்டும் உள்ளே செலுத்தலாகாது; உரிந்து சிக்கிக்கொள்ளும்.

வீட்டில் பதிவுசெய்த தட்டுக்களில் குழிகள் இல்லை. வெயிலில் கெடும் சாயமே உண்டு. என் தந்தையார் குரல் பதிந்த தட்டொன்றை ஒரு கோடையில் காரின் முன்கண்ணாடியருகே மறந்து வைத்துவிட்டேன். மற்றத் தட்டுக்களை அக்கருவி இன்றும் பாடுகின்றது. அதனை மட்டும் ஏற்பதில்லை.