ஓமோன் சிகிச்சை வரலாற்றில் தைரொயிட்டுச் சுரப்பி

1942 இல் அமெரிக்காவில் விற்பனை அனுமதி பெற்ற 'பிறெமறின்', சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்ட ஈஸ்திரோஜன் மாத்திரையாகும். மாதவிடாய் நின்ற பெண்கள் இலட்சக்கணக்கில் அதனை உட்கொண்டனர். அதன் வரலாற்றை எழுதுவோர் 1975 இல் எழுந்த கருப்பைப் புற்றுநோய் ஐயத்தையும், மார்புப் புற்றுநோய் காரணமாக 2002 இல் இடைநிறுத்தப்பட்ட பேராய்வையுமே பெரிதும் பேசுவர். தைரொயிட்டுச் சுரப்பி குன்றிய பெண்களின் நிலை அவ்வரலாற்றில் ஓரத்தில் நிற்கின்றது.

வாய்வழி ஈஸ்திரோஜன் ஈரலைத் தூண்டி, தைரொக்சினைப் பிணைக்கும் புரதத்தைப் பெருக்குகின்றது. பிணைந்த தைரொக்சின் உடலுக்கு உடன் பயன்படாது. நலமான சுரப்பி கூடுதலாகச் சுரந்து ஈடுசெய்யும். தைரொக்சின் மாத்திரையையே நம்பியிருப்பவருக்கோ அவ்வழி இல்லை. புரதம் பெருகுவது 1950களிலேயே அறியப்பட்டிருந்தும், இத்தகைய பெண்கள் 25 பேரிடம் விளைவை அளந்த பாஹா அராபாவின் ஆய்வு 2001 இலேயே வெளிவந்தது. அவருட் சிலருக்குத் தைரொக்சின் அளவை உயர்த்த நேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை பெண்களின் சோர்வு முதுமையின் கணக்கில் எழுதப்பட்டதோ! தோல்வழிப் பட்டை ஈரலை முதலில் அடையாமையால் இவ்விளைவு அதில் மிகக் குறைவு. அதுவோ 1986 இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றிருந்தது.