பெருக்கலில் மறையும் எதிர்பார்ப்பு: நிராகரிப்பு உணர்திறன் அளவுகோலும் பினாங்குத் தமிழரும்

பிறர் மறுத்துவிடுவார்களோ என்று பதற்றத்தோடு எதிர்பார்க்கும் இயல்பான நிராகரிப்பு உணர்திறனை அளக்கும் முயற்சியின் வரலாற்றைப் பலரும் 1996-இலிருந்து தொடங்குகிறார்கள். உளவியலாளர்கள் ஜெரால்டின் டௌனியும் ஸ்காட் ஃபெல்ட்மனும் மாணவர்களுக்கான 18 சூழல் வினாத்தாளை வெளியிட்ட ஆண்டு அது. ஆனால் உளப்பகுப்பாய்வாளர் கேரன் ஹார்னி 1937-லேயே இக்கருத்தைப் பேசினார்; ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1970-இல் ஓர் அளவுகோலே அமைத்தார். கருத்தைக் கணக்கில் கொள்வதா, கருவியைக் கொள்வதா என்பதற்கேற்பத் தொடக்க ஆண்டு மாறும். அவ்வழக்கு இங்கே தீராது.

என் மறுப்பு டௌனி–ஃபெல்ட்மன் விளக்கத்தின் மீது. பெற்றோரால் புறக்கணிக்கப்பட்ட குழந்தை, மறுபடி ஒதுக்கப்படுவோம் என்ற அச்சத்தை வளர்ந்தபின் துணையிடமும் நண்பரிடமும் சுமந்து செல்கிறது என்பது அவர்கள் வாசிப்பு. நிராகரிப்பின் ஊற்று வீடு என்றாகிறது. மலேசியாவின் பினாங்கில் வாழும் தமிழரிடம் இது பாதி உண்மைகூட இல்லை என்பேன்.

பெரன்சனும் சக ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட, அவ்வினாத்தாளின் வயதுவந்தோர் வடிவத்தைப் பாருங்கள். சூழல்கள் 9. வகுப்புக் குறிப்பை இரவல் கேட்பது போய், மேலாளரிடம் உதவி கேட்பது வந்தது. குடும்பத்தாரிடம் கடன், சண்டைக்குப்பின் துணையோடு சமாதானம், விருந்தில் அறிமுகமில்லாதவரிடம் பேச்சு என்று பட்டியல் நீள்கிறது. எதிலும் வாடகைக்கு விடும் வீட்டுக்காரர் இல்லை. எந்த இனத்தவருக்கு அறை என்று வாடகை விளம்பரத்திலேயே எழுதும் பழக்கம் மலேசியாவில் யாவரும் அறிந்தது. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் அறை தேடும் தமிழ் இளைஞருக்கு, கேட்கும் முன்பே பதில் வந்துவிடுகிறது.

கணக்கிடும் முறை இன்னும் முக்கியம். ஒவ்வொரு சூழலிலும் கவலைக்கு 1 முதல் 6 வரை மதிப்பெண். ஏற்கப்படும் வாய்ப்புக்கும் அவ்வாறே. வாய்ப்பை 7-இலிருந்து கழித்தால் கிடைக்கும் நிராகரிப்பு எதிர்பார்ப்பைக் கவலையால் பெருக்கிச் சராசரி காண்பர். கவலை 3, எதிர்பார்ப்பு 3 என்றால் 9. கவலை 1, எதிர்பார்ப்பு 6 என்றால் வெறும் 6. மறுப்பு நிச்சயம் என்று பழகி, பதறுவதையே விட்டுவிட்டவர் இங்கே உணர்திறன் குறைந்தவராகப் பதிவாகிறார். இது நியாயமற்ற பதிவு.

மறுப்பை எதிர்பார்க்கும் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? மலாயாத் தோட்டங்களுக்குத் தமிழரைக் கொண்டுவந்த ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி என்ற கூலி மேற்பார்வையாளர் வழி ஆள்சேர்ப்பு 1938-இல் நின்றது. கப்பலில் வந்த கூலிகளை பினாங்கையொட்டிய ஜெரெஜாக் தீவில் தடுத்துவைத்த பின்பே கரைசேர விட்டனர். தோட்டக் கூலிகளின் லயத்து வீட்டுக்கும் துரையின் பங்களாவுக்கும் இடையிலிருந்த தூரத்தைத் தாயும் தந்தையும் உண்டாக்கவில்லை. அன்பாக வளர்த்த பெற்றோரின் பிள்ளையும் அந்தத் தூரத்தைக் கற்றே வளர்ந்திருக்கும். அக்காலத்தில் யாரும் வினாத்தாள் நீட்டவில்லை. எனவே இது ஊகம்தான், எந்தத் தலைமுறையில் படிந்தது என்று தேதியிடவும் இயலாது. ஆயினும் பெற்றோர் கோட்பாட்டைவிட இது வலுவான ஊகம் என்றே கருதுகிறேன்.

டௌனியும் அங்கேயே நின்றுவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். 2002-இல் மெண்டோசா-டென்டனோடு சேர்ந்து, ஆப்பிரிக்க அமெரிக்க மாணவர்களிடம் இனம் சார்ந்த நிராகரிப்பு எதிர்பார்ப்பைத் தனியே அளந்தார். நாம் பின்தொடர வேண்டிய கிளை அது. அதிலும் பெருக்கல் நீடித்தது.

பினாங்கில் இவ்வளவுகோலைத் தமிழில் அமைக்க முன்வருவோரிடம் என் வேண்டுகோள்: வாடகை அறையையும் வேலை நேர்காணலையும் சூழல்களாகச் சேருங்கள், கவலை, எதிர்பார்ப்பு இரண்டின் மதிப்பெண்களையும் பெருக்காமல் தனித்தனியே வெளியிடுங்கள்.