ஊர்ப்பேர் சொல்லும் பிள்ளை

ஸ்மித், பேக்கர் என்று தொழில்கள் குடும்பப் பெயரானதைச் சென்ற வாரம் பார்த்தோம். ஊரால் பெயர் பெற்ற குடும்பங்கள் இங்கிலாந்தில் அவற்றையும் விட அதிகம். பிழைப்புக்காக வேறிடம் போனவனை ஊரார் அவன் சொந்த ஊரைச் சொல்லி அழைத்தார்கள். நிலக்கிழாரோ தன் கிராமத்தின் பெயரைத் தானே சூடிக்கொண்டார். வரிக்கணக்கிலும் பத்திரத்திலும் ஏறி, அது பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. அந்தக் குடும்பப் பெயர் ஞானஸ்நானப் பெயராகவும் மாறியதற்குப் பின்னால் தாய்வழிச் சொத்து இருக்கிறது.

‘ஒன்பது நாள் ராணி’ ஜேன் கிரேயின் கணவர் கில்ஃபோர்ட் டட்லி. முன்னால் ஓர் ஊர், பின்னால் ஓர் ஊர். டட்லி தந்தை வீட்டுப் பெயர். கில்ஃபோர்ட் தாய் பிறந்த வீட்டுப் பெயர். திருமணமானதும் பெண் தன் குடும்பப் பெயரை இழந்தாள். அவள் வழியாக நிலமும் பணமும் வந்தன, பெயர் மட்டும் வரவில்லை. அதை மகனின் முதற்பெயராக வைத்துக் காப்பாற்றினார்கள். கில்ஃபோர்டை அந்தப் பெயர் காப்பாற்றவில்லை. 1554 பிப்ரவரி 12 அன்று மனைவியின் தலைக்கு முன்பே அவர் தலை விழுந்தது.

இந்த வழக்கம் ஆறாம் எட்வர்டு காலத்தில் தொடங்கியது என்றும், கிறிஸ்தவ நாடுகளில் வேறெங்கும் இல்லாதது என்றும் வரலாற்றாசிரியர் வில்லியம் கேம்டன் 1605இல் எழுதினார். குழப்பம் வரும் என்று சிலர் முகம் சுளித்ததையும் அவர் பதிவு செய்கிறார். ஆனால் தம் பெயர் நிலைக்க வேண்டும் என்று ஞானத்தந்தையர் ஆசைப்பட்டதை அவர் குறையாகக் காணவில்லை. எனக்கும் அதில் குறை தெரியவில்லை.

நெடுங்காலம் இது ஆண்பிள்ளைகளுக்கான ஏற்பாடாகவே இருந்தது. ஷெர்லியும் ஊர்ப்பெயர்தான். சார்லட் பிரான்டி 1849இல் வெளியிட்ட ‘ஷெர்லி’ நாவலில், மகனை எதிர்பார்த்த பெற்றோர் மகனுக்கென வைத்திருந்த குடும்பப் பெயரை மகளுக்குச் சூட்டுகிறார்கள். அதன்பின் அது பெண் பெயராகியது. 1930களில் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளால் வீட்டுக்கு வீடு பரவியது.

உறவே இல்லாத மாவீரர்களின் குடும்பப் பெயர்களையும் பிள்ளைகளுக்கு வைக்கத் தொடங்கினார்கள். ஷ்ராப்ஷயரிலும் செஷயரிலும் கிளைவ் என்று ஊர்கள் உண்டு; செங்குத்தான சரிவு என்று பொருள். ஷ்ராப்ஷயரில் பிறந்த ராபர்ட் கிளைவ் 1744இல் கம்பெனி எழுத்தராகச் சென்னையில் இறங்கினார். 1751இல் நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக ஆற்காட்டைப் பிடித்தார். வங்காளத்தைச் சுரண்டிக் கொழுத்த அந்த மனிதரை இங்கிலாந்து வீரராகக் கொண்டாடியது, பிள்ளைகளுக்கும் அவர் பெயரை வைத்தது. அந்தச் சூட்டுதலை என்னால் ரசிக்க முடியவில்லை. தாக்கரேயின் ‘தி நியூகம்ஸ்’ நாவலில், இந்தியாவில் பணிபுரியும் கர்னலின் மகன் பெயர் கிளைவ்.

பேரரசு சென்ற இடமெல்லாம் அந்தப் பெயரும் போனது. பிரிட்டிஷ் கயானாவில் 1944இல் பிறந்த கிளைவ் லாயிட், 1975 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகள் அணியின் தலைவராகச் சேப்பாக்கத்தில் ஆடினார். வாலாஜாவின் அரண்மனைக்கு அருகிலுள்ள அந்த மைதானத்தில் விஸ்வநாத் ஆட்டமிழக்காமல் 97 ஓட்டங்கள் எடுக்க, இந்தியா 100 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது.